கதவுக்குள் ஒரு கையெழுத்து

சித்தூர் நகரில், பழைய பெங்களூர்ச் சாலையில், ஒரு சிறிய வண்டிப் பட்டறை இருக்கிறது. அதன் பின்புறம் சற்றுத் தொலைவில் நீவா ஆறு ஓடுகிறது. பெரும்பாலும் மணலாகவே ஓடுகிறது. அதே ஆறு எல்லையைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் நுழைந்ததும் பொன்னை என்று பெயர் மாற்றிக்கொண்டு பாலாற்றில் கலந்துவிடும். பட்டறைக்கு உரிய முதியவரை ஊரார் மேஸ்திரி என்றே அழைத்தனர். தமிழில் பேசுவோரும் அப்படித்தான், தெலுங்கில் பேசுவோரும் அப்படித்தான். அவருக்கு எழுபத்தைந்து வயது.

மேஸ்திரியின் தந்தை வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடிச் சித்தூருக்கு வந்தவர். அக்காலத்தில் சித்தூரும் வேலூரும் சென்னை மாகாணத்திலேயே இருந்தன. 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960-இல் எல்லைகள் மீண்டும் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. தந்தை இருந்த இடத்திலேயே இருந்தார். மாநிலம் மட்டும் மாறியது. மகன் படித்தது தெலுங்குப் பள்ளியில். ஆகவே தந்தை தமிழில் எழுதுவார், தெலுங்கு எழுதத் தெரியாது. மகன் தெலுங்கில் எழுதுவார், தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் இருவரும் பேசியது தமிழ். தந்தையை ‘நைனா’ என்று அழைத்த தமிழ். சித்தூரில் பல வீடுகளில் இன்றும் அப்படித்தான்.

பழைய பெங்களூர்ச் சாலையைப் பற்றி இங்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் வண்டிகள் அக்காலத்தில் ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகச் சென்றன. சித்தூரைத் தாண்டியதும் மொகிலி மலைவழி ஏறும். ஏற்றத்தில் வண்டிகளின் ரேடியேட்டர் நீர் கொதித்து ஆவி கக்கும். பயந்தவர்கள் ஏறுவதற்கு முன்பே சித்தூரில் நிறுத்தி வண்டியைச் சரிபார்த்துக்கொள்வர்; பயப்படாதவர்கள் பாதி மலையிலிருந்து ஆள் அனுப்புவர். இரு வகையினராலும் பட்டறை பிழைத்தது.

அப்படி வந்த வண்டிகளுள் ஒன்றுதான் அந்தச் சிவப்பு நிற எம்.ஜி. கார்.

சென்னையில் பணிபுரிந்த ஓர் ஆங்கிலேயர் அதன் உரிமையாளர். டி.சி. என்னும் வகையைச் சேர்ந்த அந்தக் காரில் இருவர் மட்டுமே அமரலாம். கூரை துணியால் ஆனது. முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைத்துவிடலாம். சைக்கிள் சக்கரத்தைப் போல மெல்லிய கம்பிகளால் பின்னப்பட்ட உயரமான சக்கரங்கள். கதவின் கீல்கள் பின்பக்கத்தில் இருந்தமையால் கதவு முன்புறமிருந்து பின்னோக்கித் திறக்கும். சாவியைத் திருகியதும் பெட்ரோல் பம்பு ‘டிக் டிக்’ என்று அடிக்கும். அந்த ஒலியைக் கேட்பதற்காகவே பள்ளி விட்டதும் ஓடி வந்ததாக மேஸ்திரி சொல்வார்.

எம்.ஜி. என்பது மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் கார் விற்று வந்த நிறுவனம் அது. அங்கு மேலாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர், சாதாரண மோரிஸ் கார்களின் அடிச்சட்டத்தின்மீது அழகிய, விரைவான கார்களை உருவாக்கத் தொடங்கினார். தொழில் வளர்ந்து, 1929-இல் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூருக்கு ஆலை இடம்பெயர்ந்தது. கிம்பரின் முடிவு துயரமானது. 1941-இல் அவர் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். 1945-இன் தொடக்கத்தில் லண்டனில் நேர்ந்த ரயில் விபத்தில் இறந்துபோனார். அதே ஆண்டின் இறுதியில்தான் டி.சி. வெளிவந்தது. 1949 வரை ஏறத்தாழ 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன. எஞ்சின் அளவு 1,250 சி.சி. மட்டுமே. இன்றைய சிறிய குடும்பக் கார்களின் எஞ்சின் அளவுதான். ஆயினும் அதில் ஏறியவர்கள் பறப்பதாக எண்ணினார்கள் என்றால், தரைக்கு அவ்வளவு அருகில், காற்றுக்கு அவ்வளவு நேராக அமர்ந்திருந்ததே காரணமாக இருக்க வேண்டும்.

அந்தக் காருக்குள் ஒரு புதிர் இருந்தது. எஞ்சினிலுள்ள போல்ட்டுகளின் தலையில் இங்கிலாந்து அளவு ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒரு போல்ட் தொலைந்து, இங்கிலாந்து அளவிலேயே வேறொன்று வாங்கி வந்தால் மரை ஏறாது! மேஸ்திரியின் தந்தை இதனால் பல நாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டாராம். விடை மிகப் பின்னரே கிடைத்தது. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயந்திரத் துப்பாக்கி ஆலை ஒன்றை அமைத்திருந்தது. போர் முடிந்தபின் அந்த ஆலையை மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த கடைசல் இயந்திரங்கள் யாவும் பிரெஞ்சு மில்லிமீட்டர்க் கணக்கில் மரை வெட்டுபவை. அவற்றை வீசி எறிய மனமில்லை. உள்ளூர் வேலையாட்களிடமோ இங்கிலாந்து அளவு ஸ்பேனர்களே இருந்தன. ஆகவே தலை இங்கிலாந்து அளவிலும், உடல் பிரான்சு அளவிலும் அமைந்த போல்ட்டுகள் பிறந்தன. இன்றைய கடைகளில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் அதற்கு உதவாது. அதில் மரைகளுக்கு இடையே 1.25 மில்லிமீட்டர் இருக்கும், எம்.ஜி.க்கு வேண்டியது 1 மில்லிமீட்டர். சித்தூரில் அதனை ஒவ்வொன்றாகக் கையாலேயே கடைந்தார்கள். அப்படிக் கடைந்த போல்ட் ஒன்று மேஸ்திரியின் மேசை இழுப்பறையில் இன்றும் இருக்கிறது.

1961 ஆகஸ்டில், மழை பெய்த ஒரு மாலையில், அந்தக் கார் இடப்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. டி.சி. காரின் அடிச்சட்டம் இரும்பு. உடலின் எலும்புக்கூடோ மரம். இங்கிலாந்தின் ஆஷ் மரத்தால் சட்டமிட்டு அதன்மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். நம் நாட்டுக் கரையான்களுக்கு அந்த மரம் மிகவும் பிடித்துப்போயிருந்தது. கீல் தாங்கும் தூண் உள்ளே முழுவதும் மாவாகியிருந்தது. உரிமையாளர் மறுநாள் காலையில் பெங்களூரில் இருந்தாக வேண்டும். கூலி இருபது ரூபாய் என்று பேசி, எட்டு ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு அவர் பயணியர் மாளிகைக்கு உறங்கச் சென்றார்.

தந்தை இரவு முழுவதும் வேலை செய்தார். மின்சாரம் மழையில் போய்விட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். நள்ளிரவுக்குப் பின் அவனுக்குக் கண் சொக்கியது. விளக்கு கைநழுவிக் கீழே விழுந்து, கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. தந்தை திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வேறு விளக்கு வாங்கி வந்து அவனிடமே கொடுத்தார். விடியும் நேரத்தில், புதிய தூணின்மேல் உறையை வைத்து மூடுவதற்கு முன், காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து மரத்தில் சில வரிகள் எழுதினார்.

“என்ன எழுதுகிறீர்கள், நைனா?” என்று சிறுவன் கேட்டான்.

“கணக்கு” என்றார் தந்தை.

விளக்குக் கண்ணாடி உடைந்த கணக்கைத்தான் எழுதிவிட்டார் என்று சிறுவன் நினைத்தான். மறுபடியும் கேட்க அவனுக்கு அச்சம். காலையில் கார் புறப்பட்டுப் போயிற்று. அவ்வாண்டே ஆங்கிலேயர் தாய்நாடு திரும்பினார், காரும் கப்பலேறியது. 1974-இல் தந்தை மறைந்தார். மேஸ்திரிக்கு மீசை நரைத்தது. ஆனால் கதவுக்குள் எழுதிய கணக்கு என்ன என்பது மட்டும் தெரியாமலேயே இருந்தது.

இப்போது பேத்தியைப் பற்றிக் கூறலாம். மேஸ்திரியின் மகள் திருப்பதியில் வாழ்கிறார். மருமகன் அங்குள்ள ரயில் பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனையில் வேலை செய்கிறார். பேத்தி மத்தியப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. விருப்பப் பாடமாகத் தமிழை எடுத்துக்கொண்டவள். விடுமுறைதோறும் எழுபது கிலோமீட்டர் பேருந்தில் பயணம் செய்து சித்தூருக்கு வருவாள். காரைப் பாடநூலில் ‘மகிழுந்து’ என்று எழுதியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, மேஸ்திரி வெகுநேரம் சிரித்தார். “என்னிடம் வரும் கார்கள் யாரையும் மகிழவிட்டதில்லையே, கண்ணு!” என்றார்.

2023-இல் மேஸ்திரி ஒரு செய்தியைத் தெலுங்கு நாளிதழில் படித்தார். அகமதாபாத்தைச் சேர்ந்த தாக்கூர் குடும்பத்தினர், ‘லால் பரி’ என்று பெயரிட்ட 1950-ஆம் ஆண்டு எம்.ஜி. காரில், மூன்று தலைமுறையினரும் ஒன்றாக, பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக ஓட்டிச்சென்று ஆபிங்டனை அடைந்தனர் என்பது அச்செய்தி. கார் பிறந்த ஊருக்கே அதை அழைத்துச் செல்வது தங்கள் கனவு என்று அவர்கள் கருதினர். மேஸ்திரி அந்தத் தாளைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். “மரை கழலாமல் போய்ச் சேர்ந்தார்களே!” என்று வியந்தார். அவர் வியப்பு தூரத்தைப் பற்றியதன்று.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பழைய கார்களில் ஆர்வமுடையவர். சிவப்புக் காரின் உரிமையாளர் இறந்துவிட்டார். அதை இப்போது அவருடைய மகன் வைத்திருக்கிறார். தந்தையின் நாட்குறிப்பில் ‘சித்தூர் மேஸ்திரி’ என்று பலமுறை எழுதியிருப்பதைக் கண்டு தேடுகிறார் என்று அவர் கூறினார். காரின் உறையைக் கழற்றியபோது இடப்பக்கத் தூணில் ஏதோ எழுத்துகள் தெரிந்தனவாம். புகைப்படத்தில் அவை விழவில்லை. அந்தத் தூண் இங்கிலாந்து மரமன்று என்பதால், அதை எடுத்துவிட்டு ஆஷ் மரத்தில் புதிதாகச் செய்துவிடலாம் என்று பழுதுபார்ப்போர் அறிவுரை கூறியிருக்கிறார்கள். பழங்கார் உலகில் இது பெரிய விவாதம். ஆலையிலிருந்து வந்த நிலையே உண்மையான நிலை என்று ஒரு சாரார் கூறுவர். காருக்கு நேர்ந்தவை அனைத்தும் காரின் வரலாறே என்று மறுசாரார் கூறுவர். எழுதியிருப்பது என்னவென்று தெரிந்தபின் முடிவு செய்யலாம் என்று மகன் காத்திருந்தார். ஜூன் மாதம் ஆபிங்டனில் எம்.ஜி. கார் வைத்திருப்போர் கூடும்போது மேஸ்திரி வர வேண்டும், இரண்டு பயணச்சீட்டுகள் அனுப்புகிறேன் என்றார்.

வீட்டில் பெரும் விவாதம் எழுந்தது. “இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா, நைனா? ஒரு பென்சில் கிறுக்கலுக்காகக் கடல் தாண்டுவார்களா?” என்று மகள் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேஸ்திரிக்கு முழங்கால் வலி, ஆங்கிலமும் தெரியாது. மேஸ்திரி பதில் சொல்லாமல் திருமலைக்குச் சென்று முடி காணிக்கை செலுத்திவிட்டு வந்தார். 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைச்சாலை இப்போது இறங்குவதற்கு மட்டும். ஏறுவதற்கு 1974-இல் அமைத்த இரண்டாம் சாலை. பேருந்து திரும்பும் வளைவுகளில் எல்லாம் ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மொட்டைத் தலையுடன் வீட்டுக்குள் நுழைந்ததும், “பேத்தி வந்து படிக்கட்டும்” என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றுக்கு அலைந்த கதை தனியாக ஒரு பாடம் எழுதும் அளவுக்கு நீளும்; அதை விட்டுவிடலாம். சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலான பறப்பு. விளக்கு உடைந்த கதையைப் பேத்தியிடம் அவர் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. “அந்தக் கணக்கு என் பெயரில் இருந்தால், அவர்களிடம் சொல்லாதே, என்னிடம் மட்டும் சொல்” என்றார். எழுபத்தைந்து வயதுக்காரர் இப்படிப் பேசியபோது சிரிப்பதா என்று பேத்திக்குத் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சரி என்றாள்.

ஆபிங்டன் அமைதியான ஊர். நகர மண்டபத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆபிங்டன் ஆலையில் கடைசியாகச் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் அங்கே நிற்கிறது. 1980 அக்டோபரில் அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆலைக்குப் புகழ்பெற்ற அந்த ஊருக்கு வேறொரு விசித்திரமான புகழும் உண்டு. அரச குடும்பத்தில் நல்ல நாள் வந்தால், அந்த மண்டபத்தின் மாடியிலிருந்து கீழே கூடியிருப்போர்மீது பன் ரொட்டிகளை வீசுவார்கள். மக்கள் முட்டி மோதி அவற்றைப் பிடிப்பார்கள். இதைக் கேட்டதும் மேஸ்திரிக்கு அந்த ஊர் உடனே பிடித்துப்போயிற்று. “நம் ஊர்த் திருவிழாவில் தேர்மீது மிளகும் உப்பும் வீசுவதில்லையா, அது மாதிரிதான்” என்றார்.

புல்வெளி முழுவதும் கார்கள். பச்சை, கறுப்பு, பாலாடை நிறம், சிவப்பு. ஒவ்வொன்றின் மூக்கிலும் எட்டுக் கோணச் சின்னம். உரிமையாளர்கள் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தனர். குனிந்து எஞ்சினைப் பார்ப்போர், துணியால் விளக்கைத் துடைப்போர், பாகம் தேடி விலை பேசுவோர் என்று ஒரு சந்தை போலவே இருந்தது. பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். சித்தூர்ப் பட்டறையின் வாசலில் அமர்ந்து பேசும் முதியவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு அதிகமில்லை என்று பேத்தி நினைத்தாள். வெயில் மட்டும் இல்லை.

அங்கே ஆபிங்டன் ஆலையில் இளமையில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். மேஸ்திரி தம் சட்டைப் பையிலிருந்து சித்தூரில் கடைந்த போல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தலையைப் பார்த்தார். பிறகு மரையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். உரக்கச் சிரித்தார். பின்னர் மற்றவர்களை அழைத்து அந்தப் போல்ட்டைக் காட்டினார். பேத்தி மொழிபெயர்க்க முன்வந்தபோது இருவரும் கையை அசைத்து அவளை நிறுத்தினர். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, அரை மணி நேரம் நடந்தது.

சிவப்புக் கார் புல்வெளியின் ஓரத்தில் நின்றது. மேஸ்திரி அதை அடையாளம் கண்டதும் நடையின் வேகம் குறைந்தது. மகனாகிய ஆங்கிலேயருக்கும் அறுபது வயதுக்கு மேல். அவர் கைகுலுக்கிவிட்டு, எதுவும் பேசாமல் சாவியைத் திருகினார். ‘டிக் டிக்’ என்று பெட்ரோல் பம்பு அடித்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

இடப்பக்கக் கதவைத் திறந்து உறையை விலக்கினார்கள். தூண் கருத்திருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. மேஸ்திரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தது. எழுத்துகள் முதலில் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒளியை நேராகக் காட்டினால் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால்தான் தெரியும் என்று ஆங்கிலேயர் கூறினார். மேஸ்திரி கைவிளக்கை வாங்கி, தரையில் மண்டியிட்டு, சாய்த்துப் பிடித்தார். முழங்கால் வலி அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. பேத்தி காருக்குள் தலையை நுழைத்தாள்.

முதல் வரி எளிதாக இருந்தது. “18-8-61” என்று படித்தாள். அடுத்த வரியில் நின்றாள்.

“வேங்கை... புலி என்று எழுதியிருக்கிறது, தாத்தா. காருக்குள் புலி எதற்கு?”

மேஸ்திரியின் கையிலிருந்த விளக்கு குலுங்கியது. “அது புலி இல்லை, கண்ணு. மரம். வேங்கை மரம். மாட்டு வண்டிப் பட்டறையிலிருந்து அந்த ராத்திரியில் கேட்டு வாங்கி வந்தது. சேஷாசலம் மலையில் நிறைய உண்டு. மேலே படி.”

“வேங்கை. கரையான் தொடாது” என்று அவள் முழுமையாகப் படித்தாள்.

மூன்றாம் வரியில் மீண்டும் தடை. ஓர் எழுத்து எந்தப் பாடநூலிலும் காணாத வடிவில் இருந்தது. ‘ல’வின் முன்னே யானை துதிக்கையைத் தூக்கியதுபோல ஒரு வளைவு. மேஸ்திரியால் உதவ முடியவில்லை. அவருக்குப் புதிய எழுத்தும் தெரியாது, பழைய எழுத்தும் தெரியாது. பேத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். தமிழாசிரியர் ஒருமுறை வகுப்பில் பழைய நூல் ஒன்றைக் காட்டியது நினைவுக்கு வந்தது. பெரியார் தம் இதழில் 1935-லேயே கையாண்ட எளிய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல்தான் ஏற்றது. அதற்கு முன் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ ஆகியவற்றைத் துதிக்கை வைத்து எழுதினார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அன்று அவள் அதைத் தேர்வுக்கு வராத செய்தி என்று குறித்துக்கொள்ளவில்லை.

“லை! இது ‘லை’ தாத்தா! ‘வேலை காலை 4 மணிக்கு முடிந்தது.’”

“அடுத்தது?” என்றார் மேஸ்திரி. குரல் தாழ்ந்திருந்தது.

பேத்தி அடுத்த வரியை முதலில் மனத்துக்குள் படித்தாள். பிறகு தலையை வெளியே எடுத்து, அவர் காதருகில் வந்து, அவர் கேட்டுக்கொண்டபடி அவருக்கு மட்டும் கேட்குமாறு சொன்னாள்:

“சின்னவன் இரவு முழுதும் விளக்குப் பிடித்தான்.”

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. கைவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து, “கண்ணாடி?” என்று கேட்டார்.

“கண்ணாடியைப் பற்றி எதுவும் இல்லை, தாத்தா.”

“நன்றாகப் பார்.”

அவள் மறுபடியும் நுழைந்து பார்த்தாள். இன்னும் ஒரு வரி இருந்தது. “கூலி பாக்கி ரூ. 12” என்று உரக்கப் படித்துவிட்டாள். ஆங்கிலேயர் பொருள் கேட்டார். பேத்திக்கு வேறு வழியில்லை. அனைத்தையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் முகம் அந்தக் காரைப் போலவே சிவந்தது. தம் தந்தை கடன் வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார் என்று வருந்தி, பணப்பையை எடுத்து நோட்டுகளை நீட்டினார். மேஸ்திரி வாங்க மறுத்தார். பவுனில் கணக்கு இல்லை, ரூபாயில் இருக்கிறது. பன்னிரண்டுக்கு ஒரு காசு கூடினாலும் நைனாவின் கணக்கு தவறிவிடும் என்று சொல்லச் சொன்னார். காலையில் அந்தப் பெரியவரிடம் நூறு ரூபாய் நோட்டு மட்டும் இருந்திருக்கும், சித்தூரில் அந்நேரத்துக்குச் சில்லறை ஏது என்றும் அவரே சமாதானம் கூறினார். இது அவருடைய ஊகம்தான். அவர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஆங்கிலேயர் அவரைப் பக்கத்தில் அமர்த்தி, தேம்ஸ் கரையோரமாக அந்தக் காரை ஓட்டினார். மேஸ்திரி முதன்முதலாக அந்தக் காரில் அமர்ந்தது அன்றுதான். வளைவுகளில் அவர் இடக்கை கதவின் மேலேயே இருந்தது. கதவு அசையவில்லை.

நவம்பர் மாதம் சித்தூர்ப் பட்டறைக்கு ஒரு பதிவு அஞ்சல் வந்தது. உள்ளே மூன்று பழைய இந்திய நோட்டுகள்: பத்து ரூபாய் ஒன்று, ஒரு ரூபாய் இரண்டு. அறுபதுகளில் வழங்கியவை; பழைய நாணயம் சேர்ப்போரிடம் தேடி வாங்கினாராம். அவற்றுக்கு அவர் பன்னிரண்டு ரூபாயை விட நிச்சயம் பல மடங்கு கொடுத்திருப்பார். மேஸ்திரியிடம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உடன் இருந்த கடிதத்தில், தூணை மாற்றவில்லை, எழுத்துகளின்மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தகட்டைப் பொருத்திவிட்டு உறையை மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தது.

பட்டறையின் வரவுசெலவு ஏடு முழுவதும் தெலுங்கில் இருக்கிறது. அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேத்தி அதைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் மட்டும், கோணல்மாணலாக, தமிழில் ஒரு வரியைக் கண்டாள். ‘சிவப்புக் கார். பாக்கி 12. வறவு 12.’ அவள் சிவப்புப் பேனாவை எடுத்து ‘ற’வை அடித்து ‘ர’ என்று திருத்தினாள். தெலுங்கில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தானே, இதற்கு எதற்கு இரண்டு என்று மேஸ்திரி வாதிடத் தொடங்கினார்.